பத்தில் ஒன்பது மழை எங்கே போனது?

கண்டியில் நடந்த ஒரு பாடசாலைக் கண்காட்சிக்கு அண்மையில் போயிருந்தோம். எந்தப் பாடசாலை, எந்த மண்டபம் என்பது வேண்டாம். இதே மேசையை இந்த மாவட்டத்தில் எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டோம். ரெஜிபோமில் செதுக்கிய மலை, அதன் அடியில் தீப்பெட்டியில் செய்த லயன் வீடுகள், பக்கத்தில் ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை, எல்சிடி திரை, சின்ன சைரன், மேலே ஒரு மழைமானி. மண்சரிவு முன்னெச்சரிக்கைக் கருவி. தண்ணீர் ஊற்றினால் திரையில் எண் ஏறும், கொஞ்ச நேரத்தில் சைரன் அலறும். வந்த பெரியவர்கள் கைதட்டினார்கள். பரிசும் கிடைத்தது. படம் எடுத்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அந்த மேசைக்குப் பொறுப்பாக நின்ற தங்கச்சியிடம் ஒன்று கேட்டோம். தண்ணீரை விட்டுவிட்டு, மழைமானிக்குள் இருக்கிற குட்டி வாளியை விரலால் சாதாரண வேகத்தில் நூறு தரம் கவிழ்த்துப் பாருங்கள் என்றோம். அவளே எண்ணிக்கொண்டு கவிழ்த்தாள். நூறு முடிந்தபோது திரை காட்டியது பதினொன்று.

"கண்காட்சிக்கு அஞ்சு வந்தாலே சைரன் அடிக்கிற மாதிரி வச்சிருக்கோம் அக்கா. அதான் தெரியல்ல."

அந்தப் பிள்ளை மீது எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை. அவளுடைய ஆசிரியர் மீதும் இல்லை. தன் சம்பளத்தில் சாமான் வாங்கிக் கொடுத்திருக்கிறார் மனுஷன். எங்கள் கோபம் வேறு இடத்தில். நூற்றில் எண்பத்தொன்பதைத் தொலைக்கிற கருவிக்குக் கைதட்டிப் பரிசு கொடுத்து, "எங்கட பிள்ளைகள் ரோபோ செய்யுறாங்க" என்று பெருமைப்படுகிற பழக்கத்தின் மீது. அந்தப் பழக்கத்தின் நடுவில் ஒற்றை வரி உட்கார்ந்திருக்கிறது: டிலே(1000).

நிரலை வாங்கிப் பார்த்தோம். எதிர்பார்த்ததுதான். சுவிட்ச் மூடியிருக்கிறதா என்று பார், மூடியிருந்தால் ஒன்றைக் கூட்டு, திரையில் எழுது, ஒரு செக்கன் காத்திரு, திரும்ப முதலிலிருந்து. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் மழைமானியின் வாளி கவிழும்போது அதிலுள்ள காந்தம் ரீட் சுவிட்சைக் கடந்து போகிற நேரம் ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மிச்ச நேரமெல்லாம் சுவிட்ச் திறந்தே கிடக்கும். செக்கனுக்கு ஒரு தரம் மட்டும் கண்ணைத் திறந்து பார்க்கிற ஒருவர், பத்தில் ஒரு செக்கன் மட்டும் தலைகாட்டுகிற ஒன்றை எத்தனை தரம் காண்பார்? பத்துக்கு ஒரு தரம். நூறுக்குப் பதினொன்று வந்தது தற்செயல் அல்ல. கணக்குப்படி வந்தது.

இப்போது இதை மலையில் கொண்டுபோய் வையுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிற மழை எல்லைகள் இங்கே பலருக்கும் மனப்பாடம்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இரு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் அல்லது ஒரு மணித்தியாலத்திலேயே 75ஐத் தாண்டினால் வெளியேறு. ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மில்லிமீற்றர் என்று வைத்தால், மணிக்கு 75 மில்லிமீற்றர் என்பது 375 கவிழ்ப்பு. கிட்டத்தட்ட 10 செக்கனுக்கு ஒன்று. இந்தக் கருவி அதில் 37, 38ஐத்தான் பிடிக்கும். திரையில் ஏழரை மில்லிமீற்றர். வெளியேறு என்று கத்த வேண்டிய நேரத்தில், தூறல்தான் படுத்துக்கோ என்று சொல்லும்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. அங்கே ஆபத்து இருக்கிறது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. 2016 மே மாதம் அரநாயக்கை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு எங்கள் கண்டி மாவட்டத்து மலைகளே இறங்கி வந்தன. இதையெல்லாம் பார்த்த பிள்ளைகள் மண்சரிவுக் கருவி செய்ய நினைக்கிறார்கள் என்றால், அது விளையாட்டுச் சாமான் செய்கிற ஆசை இல்லை. பயத்திலிருந்தும் பொறுப்பிலிருந்தும் வந்த ஆசை. அந்த ஆசைக்கு நாங்கள் கொடுத்தது டிலே(1000).

(இடையில் ஒரு விஷயம். பிளாஸ்டிக்கில் கோடு போட்ட, கண்ணால் பார்க்கிற சாதாரண மழைமானி இந்தப் பரிசு பெற்ற கருவியைவிட ஆயிரம் மடங்கு நம்பிக்கையானது. வெட்டிய சோடாப் போத்தல்கூட அப்படித்தான். தண்ணீர் தன்னைத்தானே எண்ணிக்கொள்ளும். சிப் வைத்தால் முன்னேற்றம் என்று யாரும் எங்களுக்குச் சொல்ல வேண்டாம்.)

எண்ணிக்கை பிழைத்தால் என்ன ஆகும் என்று தோட்டத்துப் பிள்ளைக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கிலோ கழிவதை அவளுடைய அம்மா நாளாந்தம் பார்க்கிறார். கிலோ குறைந்தால் முழுப் பேர் அரைப்பேர் ஆகும். தராசின் முள்ளைப் பார்க்கிற உரிமைக்காக இந்த மலையில் சண்டை நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிற பிள்ளையின் கையில், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத ஒரு தராசைக் கொடுத்து, "இத அப்படியே கொப்பி பண்ணுங்க, வேல செய்யும்" என்கிறோம்.

அப்படியென்றால் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்? டைமரை. சிப்பின் உள்ளேயே இருக்கிற வன்பொருள் டைமரை. இதுதான் எங்கள் வாதம் முழுக்க. உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. பொருட்களின் இணையம், ஸ்மார்ட் வீடு, செயற்கை நுண்ணறிவு என்று கண்காட்சித் தலைப்புகள் வருஷா வருஷம் பெரிதாகின்றன. ஊனோ பலகையில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்குள் மூன்று டைமர்கள் இருக்கின்றன என்பது மட்டும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாத இரகசியமாகவே இருக்கிறது.

இது கஷ்டமான விஷயமா? நாங்கள் சொல்லிக்கொடுத்த விதத்தையே சொல்கிறோம், நீங்களே பாருங்கள். டைமர் என்று பேர் இருந்தாலும் அதற்கு நேரம் தெரியாது. எண்ண மட்டும்தான் தெரியும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மாதிரி ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. மலையில் யார் என்ன வேலை செய்தாலும் அது தன் பாட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும். சிப்பின் மூளை திரையில் எழுதிக்கொண்டிருந்தாலும், எஸ்எம்எஸ் அனுப்பிக்கொண்டிருந்தாலும் எண்ணிக்கை நிற்காது. நாங்கள் குறித்துக் கொடுத்த எண் வந்ததும் மூளையின் தோளைத் தட்டும். அந்தத் தட்டலுக்குப் பேர் இன்டரப்ட். புத்தகத்தில் குறுக்கீடு என்று இருக்கும். பிள்ளைகள் "தட்டல்" என்றே சொல்லப் பழகிவிட்டார்கள், நாங்கள் திருத்தவில்லை.

என்னத்தை எண்ணும்? பலகையின் கடிகாரத் துடிப்பை. செக்கனுக்கு 1 கோடி 60 இலட்சம் துடிப்பு. டைமர் 1க்கு 16 பிட் இடம், 65,535 வரைதான் எண்ண முடியும். டைமர் 0, டைமர் 2 இரண்டுக்கும் 8 பிட், 255 வரைதான். அதனால் துடிப்பை முதலில் வடிகட்ட வேண்டும்: 8க்கு ஒன்று, 64க்கு ஒன்று, 256க்கு ஒன்று, 1024க்கு ஒன்று என்று. டைமர் 1ஐ வைத்து சரியாக ஒரு செக்கன் வேண்டுமா? 64ஆல் வகுத்தால் 2,50,000 வருகிறது, பாத்திரம் கொள்ளாது. 256ஆல் வகுத்தால் 62,500. கொள்ளும். ஆனால் பதிவகத்தில் எழுத வேண்டியது 62,499. ஏன் ஒன்று குறைவு? பூச்சியத்திலிருந்து எண்ணுவதால். இந்த ஒன்றை விட்டுவிட்டு அரை மணித்தியாலம் மண்டையை உடைத்த அனுபவம் எங்களில் எல்லாருக்கும் இருக்கு.

இதில் எது சாதாரணதரக் கணிதத்தைத் தாண்டுகிறது? வகுத்தல், மீதி, ஒன்றைக் கழித்தல். தரம் 9 பிள்ளை செய்யும். செய்தாள். டைமர் 2க்கு நீயே கண்டுபிடி என்று விட்டோம். 1024ஆல் வகுத்தால் செக்கனுக்கு 15,625. அது 255க்குள் அடங்காது. கொஞ்ச நேரம் தாளில் கிறுக்கிவிட்டு ஒரு பையன் கத்தினான்: "அண்ணே, நூத்தி இருவத்தஞ்ச நூத்தி இருவத்தஞ்சால பெருக்குனா சரியா வருது!" ஆமாம். 125 வரை எண்ணித் தட்டு, அப்படி 125 தட்டல் சேர்ந்தால் ஒரு செக்கன், மீதி இல்லாமல். அன்றைக்கு அந்த வகுப்பில் வந்த சந்தோஷத்தை எந்த ரெஜிபோம் மலையும் தராது.

அடுத்தது இன்னும் அழகு. டைமர் உள்துடிப்பை மட்டுமல்ல, வெளியே ஒரு காலில் வருகிற துடிப்பையும் எண்ணும். ஊனோவின் 5ஆம் இலக்கக் காலில் மழைமானியின் சுவிட்சை இணைத்து, டைமர் 1இன் பதிவகங்களில் சில பிட்டுகளை மாற்றினால் போதும். இனி அது மழையை எண்ணும். மூளை தூங்கினாலும், டிலே போட்டாலும், எத்தனை செக்கன் எதில் மாட்டிக்கொண்டாலும் ஒரு கவிழ்ப்பு தவறாது. டைமர் 1 மழைக்கு, டைமர் 2 செக்கனுக்கு, டைமர் 0 ஆர்டுயினோவின் சொந்த வேலைக்கு. மூன்று கணக்கப்பிள்ளைகள், மூன்று ஏடு. கிறிஸ்டோபர் ரென் என்ற ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் யோசித்த கவிழும் வாளிக்கு, இருபத்தோராம் நூற்றாண்டுச் சிப் ஒன்று அதன் பிறவிக்குணத்தாலேயே பொருந்துகிறது. சிப் செய்தவர்கள் கையேட்டில் இதற்கு டைமர்/கவுண்டர் என்றே இரட்டைப் பேர் வைத்திருக்கிறார்கள். டைமர் வேண்டாம், கவிழ்ப்பு வரும்போது நேராக மூளையைத் தட்டும் வெளிக்குறுக்கீடு போதும் என்பவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அதுவும் சரிவரும். சண்டை, செக்கனுக்கு ஒரு தரம் கண்ணைத் திறப்பவர்களோடுதான்.

இனி எங்களுக்கு வழமையாக வருகிற பதில்கள்.

முதலாவது: "டிலேயால நேரமாவது சரியாத்தானே போகுது?" இல்லை. டிலே காத்திருக்கிற ஆயிரம் மில்லிசெக்கனுக்கு மேலே, திரையில் எழுதுகிற நேரம், ஈரப்பதம் வாசிக்கிற நேரம் எல்லாம் சேரும். ஒரு சுற்றுக்கு 40 மில்லிசெக்கன் கூடினால் மணித்தியாலத்துக்கு 144 செக்கன். ஒரு நாளில் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் பிந்தும். 24 மணித்தியால மழை என்று அது சொல்வது 25 மணித்தியால மழை. சின்னப் பிழைதானே என்பவர்களுக்கு 1991 பெப்ரவரி 25ஐ ஞாபகப்படுத்துகிறோம். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்புக் கருவி பத்தில் ஒரு செக்கனாக நேரத்தை எண்ணியது. 0.1 என்ற எண் இரட்டைமுறையில் முழுதாக முடியாது, 24 பிட்டில் வெட்டித்தான் வைத்திருந்தார்கள். 100 மணித்தியாலம் அணைக்காமல் ஓடியதில் பிழை வளர்ந்து 0.34 செக்கன் ஆனது. வந்த ஸ்கட் ஏவுகணையைத் தப்பான இடத்தில் தேடியது கருவி. 28 படையினர் செத்தார்கள். அமெரிக்காவிடம் பணத்துக்கும் பொறியியலாளருக்கும் குறைச்சலா? யாரோ ஒருவர் எண்ணுகிற முறையைக் கேள்வி கேட்காமல் விட்டதுதான்.

இரண்டாவது: "லைப்ரரி இருக்கே. சில்லைத் திருப்பிக் கண்டுபிடிக்கணுமா?" லைப்ரரியை நாங்களும் பாவிக்கிறோம். ஆனால் லைப்ரரி ஆகாயத்திலிருந்து வேலை செய்வதில்லை, அதுவும் இந்த மூன்று டைமரில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும். சர்வோ மோட்டார் லைப்ரரி டைமர் 1ஐ எடுக்கும். உடனே 9ஆம், 10ஆம் கால்களில் எல்இடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாமல் போகும். டோன் என்ற சத்தக் கட்டளை டைமர் 2ஐ எடுக்கும். எங்களுக்கே நடந்தது. செக்கனை டைமர் 2இல் அழகாக ஓடவிட்டு, கடைசியில் சைரனுக்கு டோன் போட்டோம். நிரல் ஏறவே இல்லை. ஏழாம் வெக்டர் இரண்டு இடத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பிழைச் செய்தி. டைமர் என்று ஒன்று இருப்பதே தெரியாத பிள்ளைக்கு அந்த வரி பேய் மொழி. தெரிந்த பிள்ளைக்கு அது ஒரே கதிரையில் இரண்டு பேர் உட்காரப் பார்த்த கதை. கரண்ட் கொடுத்தால் தானாகக் கத்துகிற பஸர் ஒன்றை டிரான்சிஸ்டர் வழியாக மாட்டினோம், முடிந்தது.

மூன்றாவது: "இப்ப இஎஸ்பி32 வந்திருச்சு, நேரத்த இன்டர்நெட்ல எடுத்துக்கலாம்." நல்ல சிப்தான். அதன் முதல் வடிவத்திலேயே 64 பிட் டைமர்கள் நான்கு இருக்கு. அவற்றையும் யாராவது சொல்லிக் கொடுத்தால்தானே? இணையத்திலிருந்து நேரம் எடுப்பது கண்டி டவுனில் சரிவரும். தெல்தோட்டைக்கு மேலே, புசல்லாவைக்கு மேலே, புயல் வருகிற இரவில் முதலில் போவது கரண்ட், அடுத்தது சிக்னல். எந்த இரவுக்காகக் கருவி செய்கிறோமோ அந்த இரவில் அது நேரம் கேட்டு யாருக்கும் போன் பண்ண முடியாது.

நான்காவது, இப்போது புதிதாக: "ஏஐகிட்ட கேட்டா ரெண்டு செக்கன்ல எழுதித் தருமே." தரும். 62,500 என்று எழுதினாலும், வேறு சிப்பின் பதிவகப் பேரைக் கலந்து எழுதினாலும் அதே தன்னம்பிக்கையோடு தரும். சரிபார்ப்பது யார்? சரிபார்க்கத் தெரிந்தவருக்கு அது நல்ல கூலியாள். தெரியாதவருக்கு இன்னொரு சேர், அவ்வளவுதான்.

ஐந்தாவது பதில்தான் எங்களை உண்மையில் சுடுகிறது. நேரே சொல்ல மாட்டார்கள், சுற்றி வளைத்துச் சொல்வார்கள்: "இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு ஆழமா தேவையா? ஏதாவது ஓடுற மாதிரி காட்டினா ஆர்வம் வரும்தானே." இந்தப் பிள்ளைகளுக்கு என்றால் எந்தப் பிள்ளைகளுக்கு? பேராதனையில் மகாவலிக்கு அந்தப் பக்கம் 1964 முதல் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே டைமர் பதிவகம் பாடமாகப் படிக்கிறவர்களுக்கும், ஹந்தானை மலையின் மறுபக்கத்துத் தோட்டப் பாடசாலையில் டிலேயைக் கொப்பி பண்ணுகிறவர்களுக்கும் இடையில் இருப்பது ஒரு மலைதான். ஆனால் ஒருவருக்கு இயந்திரம், மற்றவருக்கு இயந்திரத்தின் படம். ஆர்வம் வர வேண்டும் என்பதற்காகப் பொய் எண்ணைக் காட்டுவதை நாங்கள் ஆர்வமூட்டல் என்று ஏற்க மாட்டோம். இருநூறு வருஷமாக இந்த மலையில் மற்றவர் எண்ணியதை நம்பி வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம், இன்னொரு தரம் "நாங்க எண்ணிக்கிறோம், நீங்க பட்டன அமுத்துங்க" என்று சொல்கிற குரல் அது.

மொழி விஷயத்தையும் மழுப்ப முடியாது. இந்தச் சிப்பின் கையேடு அறுநூறு பக்கத்துக்கு மேலே, முழுக்க ஆங்கிலம். தமிழில் பதிவகம், முன்வகுப்பி, ஒப்பீட்டுப் பொருத்தம் என்று சொல் செய்வது பெரிய காரியம் இல்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு எடுத்துக்காட்டு, ஒரு படம், ஒரு கணக்கு இருக்க வேண்டும். தூய சொல் வேண்டும் என்று சண்டை போடுபவர்கள் எழுதுவதில்லை. தமிழில் முடியாது, இங்கிலீஷ் படிச்சுட்டு வரட்டும் என்பவர்களும் எழுதுவதில்லை. டைமர் 1க்கு நாங்கள் பன்னிரண்டு பக்கத்தில் கையால் ஒரு கொப்பி எழுதினோம். சொற்கள் கலப்புத்தான். பதிவகம் என்று ஒரு பக்கத்திலும் ரெஜிஸ்டர் என்று அடுத்த பக்கத்திலும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது தடையாக இருக்கவில்லை. கையேட்டிலுள்ள படத்தையும் எங்கள் கொப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆங்கிலப் பேரை விரலால் தொட்டுத் தொட்டுக் கண்டுபிடித்தார்கள். அப்படித்தான் ஆங்கிலமும் வருகிறது, வேறெப்படி?

எங்கள் பக்கத்துக் குறையையும் எழுதிவிடுகிறோம், இல்லாவிட்டால் இது வெறும் வாய்ச்சவடால். டைமரைச் சரியாக எழுதிய பிறகு, நேரம் இனிக் கல்லில் செதுக்கியது மாதிரி நிற்கும் என்று நம்பினோம். இரண்டே நாளில் கைக்கடிகாரத்திலிருந்து நிமிடக்கணக்கில் விலகியது. 62,499 சரி, 125 சரி, பிழை எங்கே? துடிப்பிலேயே. ஊனோ பலகையில் பிரதான சிப்புக்குத் துடிப்புக் கொடுப்பது படிகம் அல்ல, செராமிக் ரெசனேட்டர். அரை வீதம் வரை விலகலாம். ஒரு நாளில் 86,400 செக்கன், அதில் அரை வீதம் 432 செக்கன், ஏழு நிமிடம். கணக்கப்பிள்ளை ஒழுங்காகத்தான் எண்ணுகிறார், எண்ணக் கொடுத்த சாமான்தான் கோணல். மழையின் மணித்தியாலக் கணக்குக்கு அரை வீதப் பிழை பெரிதில்லை. எத்தனை மணிக்குப் பெய்தது என்று மாதக்கணக்கில் குறித்து வைக்க அது போதாது. அதற்கு டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப் ஒன்றைச் சேர்த்தோம், அது ஒழுங்கானதாக இருந்தால் வருஷத்துக்கு ஒரு நிமிடம் அளவுதான் விலகும். டிலேயோடு நின்றிருந்தால் இந்தப் பிழை எங்கள் கண்ணில் பட்டே இருக்காது. நாளுக்கு ஒரு மணித்தியாலம் தொலைகிற இடத்தில் ஏழு நிமிடத்தை யார் தேடுவார்கள்?

கண்காட்சி நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம். சைரனை அலறவிட்டுக் காட்டு என்று சொல்லாதீர்கள். நூறு தரம் கவிழ்த்துக் காட்டு என்று சொல்லுங்கள். ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, பக்கத்தில் கைக்கடிகாரத்தை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பெரிய திரை, போன் அப் எல்லாம் இல்லாத, நூறுக்கு நூறு காட்டுகிற அசிங்கமான ஒரு பலகைக்கு ஒரு வருஷம் முதல் பரிசைக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த வருஷம் மேசைகள் மாறும்.

பதினொன்று காட்டிய அந்தத் தங்கச்சி இப்போது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிறாள். டிலேயை அழித்துவிட்டு, டைமர் 1ஐ மழைமானியோடு தானே இணைத்தாள். போன கிழமை திரும்ப நூறு தரம் கவிழ்த்தாள். திரை காட்டியது 103.

எங்களில் ஒருவர் நூறு வந்தால் போதும்தானே, மூன்று கூடினால் பாதுகாப்புத்தானே என்று சமாளிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. "இல்லண்ணே, அந்த மூணு எங்கேருந்து வந்துச்சு?"

சுவிட்ச் மூடும்போது ஒரு தரத்தில் நிற்காமல் சில மில்லிசெக்கன் துள்ளும், டைமர் அந்தத் துள்ளலையும் விடாமல் எண்ணிவிடுகிறது என்பது எங்கள் சந்தேகம். 10 கிலோஓம் ரெசிஸ்டரும் 1 மைக்ரோபராட் கெப்பாசிட்டரும் போட்டுத் துள்ளலை அடக்கி, 74எச்சி14 சிப் வழியாகத் துடிப்பைச் சுத்தமாக்கி, வருகிற ஞாயிறு திரும்பவும் நூறு கவிழ்க்கப் போகிறோம். 74எச்சி14 கையில் வைத்திருப்பவர்கள் ஒன்றிரண்டு கொண்டு வாருங்கள், எங்களிடம் இருந்தது ஒன்றுதான், அதுவும் போன கிழமை சூடாகிப் போய்விட்டது.